அது என் ஆணி

உள்ள வாங்க டீச்சர். செருப்பு கழட்ட வேணாம், தரை ஒண்ணும் அப்படிச் சுத்தமில்ல. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பாட்டிலுங்களைக் கீழ வச்சிக்கலாம், யாரும் தூக்கிகினு போயிட மாட்டாங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். மேல்நிலைப் பள்ளியில கெமிஸ்ட்ரி எடுக்கற டீச்சர் வூடு வூடா கிணத்துத் தண்ணி பிடிச்சிகினு போறாங்க, பேப்பர்ல கையெழுத்து கேக்கறாங்கன்னு தெருவே பேசிகினு இருக்குது. எங்க பின்கட்டுக் கிணத்துலயும் பிடிச்சிட்டீங்களாம், சுகந்தி சொன்னா. சுகந்தி என் வூட்டுக்காரி. தண்ணி எடுத்துக்கங்க, துணி பாத்திரத்துக்கு ஊத்தற தண்ணிதானே. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. பதினேழாம் தேதி தோல் கழிவைப் பத்தி நடக்கற கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துல இந்த டேனரி மாஸ்டர் எபிநேசர் எழுந்து பேசணும்னா, அது நடக்காது.

ஏன்னா? நான் ஒரு தடவை பேசினவன் டீச்சர். இங்க இல்ல. மெக்சிகோவுல.

சிரிக்காதீங்க. ஆம்பூர்க்காரன் போகாத ஊர் இருக்குதா? தோல் எங்க இருக்குதோ அங்க நாங்க இருப்போம். மெக்சிகோவுல லெயோன்னு ஒரு ஊரு. ஊரே செருப்பு, ஊரே பூட்ஸு. பஸ்ஸை விட்டு இறங்கினதும் வாசனை அடிச்சது பாருங்க, ஏழு கடல் தாண்டி வந்தும் எங்க தெருவுலயே இறங்கின மாதிரி இருந்தது. அங்க ஒரு டேனரியில மாஸ்டர் வேலை. ஆறு வருஷம். கம்பெனி பேரு எதுக்கு, இப்ப அந்தப் பேரே இல்ல.

என்னை எதுக்குக் கூப்டாங்க தெரியுமா? கடுக்காய்க்கு. தோலைப் பதம் பண்ண அந்த ஊர்ல குரோம் தெரியும், பட்டைத் தூள் தெரியும், கடுக்காய் தெரியாது. நான் ஜவ்வாது மலைக் கடுக்காய்த் தூளை மூட்டையில வரவழைச்சு, எவ்வளவு, எந்த நேரம், எந்தச் சூடுன்னு டிரம்முல போட்டுச் சுத்தினேன். தோலு அப்படியே வெளிறி, பட்டு மாதிரி நின்னுச்சு. முதலாளி அதைத் தடவிப் பாத்துட்டு என்னைக் கட்டிப் பிடிச்சான். அந்த ஊர்ல தொழில் தெரிஞ்சவனை மாயெஸ்த்ரோன்னு கூப்டுவாங்க. நம்ம மாஸ்டர்தான், கொஞ்சம் இழுத்துச் சொல்றாங்க. தெருவுல போனா பன் விக்கறவன்கூட மாயெஸ்த்ரோம்பான். இங்க எவன் கூப்டறான்?

நான் குடியிருந்தது தோன்யா செஃபெரினா வூட்டு மாடியில. தோன்யான்னா அம்மான்னு வச்சிக்கங்க. அறுபது வயசு, குள்ளம், ரெட்டைச் சடை. நாலு வூட்டுக்குத் துணி துவைச்சுப் பிழைக்கறவ. படிப்பு கிடையாது. வூட்டுல ஒரு மாதா படம், அதுக்கு முன்னால எப்பவும் ஒரு விளக்கு. நாங்க லுத்தரன் சபை டீச்சர், மாதா கும்பிடறது கிடையாது. ஆனா அவ மாதாவுக்கு வச்ச சோள ரொட்டியை எனக்கும் வைப்பா, நான் சாப்பிடுவேன். மொச்சைக் குழம்பு, பச்சை மிளகாய்த் துவையல். எனக்குக் காய்ச்சல் வந்தப்போ மூணு நாள் கஞ்சி வச்சு ஊத்தினா. நான் நன்றி கெட்டவன் இல்ல, அதையும் சொல்லிடறேன்.

அவ கையிலதான் ஆரம்பிச்சது. தோலு உரிஞ்சிகினு, வெடிச்சு, சில நாளு ரத்தம் வரும். என்கிட்ட காட்டி, மாயெஸ்த்ரோ, தோலைப் பத்தித் தெரிஞ்சவன் நீதானே, இது ஏன்னு கேட்டா. நான் சோப்பை மாத்துங்கன்னு சொன்னேன். மாத்தினா. போகலை. தெருவுல துணி துவைக்கற பொம்பளைங்க எல்லாருக்கும் அதே கை.

நீங்க அந்த ஊர்ப் பொம்பளைங்களைப் பாத்ததில்ல. தெருவுக்கு ஒருத்தி கிளம்புவா. ஒருத்தி காணாமப் போன மகனைத் தேடி இரும்புக் கம்பியை எடுத்துகினு பொட்டல்ல குத்திக் குத்தி மோந்து பாத்துகினு போவா. பொணம் இருந்தா கம்பி நுனியில வாசனை வருமாம். ஒருத்தி மரத்தை வெட்டாதேன்னு ரோட்டுல படுப்பா. ஒருத்தி சோள விதையை வச்சிகினு கம்பெனிக்காரனோட மல்லுக்கு நிப்பா. சர்க்காரு தேடாததை, கோர்ட்டு கேக்காததை இவளுங்க கேப்பாளுங்க. எங்க செஃபெரினா அப்படியெல்லாம் கிடையாது. துணி துவைக்கறவ, அவ்வளவுதான். அப்படித்தான் நினைச்சிகினு இருந்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை. நான் ஜெபம் பண்ணிட்டுக் கீழ இறங்கி வர்றேன், சமையக்கட்டு மேசை மேல நாலு ஊறுகாய் ஜாடி. நாலுலயும் தண்ணி. மாயெஸ்த்ரோ, இதுல இன்னா இருக்குதுன்னு உன்னால சொல்ல முடியுமான்னு கேட்டா.

சொல்ல முடியுமாவா? என்னைப் பாத்து?

டீச்சர், உங்க லிட்மஸ் தாளெல்லாம் நான் குறை சொல்லலை. ஆனா முப்பது வருஷம் டிரம்மு பக்கத்துல நின்னவனுக்கு மூக்கு போதும். முதல் ஜாடி, மோந்து பாத்தேன். அழுகின முட்டை. விரல்ல தேச்சா வழுக்குது. இது சுண்ணாம்புத் தொட்டி, மேலத் தெரு டேனரின்னேன். ரெண்டாவது சாயம், மீன் எண்ணெய் வாசனை. இன்னார் கம்பெனின்னேன். மூணாவது பட்டைத் தண்ணி. ஒவ்வொண்ணுக்கும் அவ வாயைப் பொத்திகினு, மாயெஸ்த்ரோ, மாயெஸ்த்ரோங்கறா. நாலாவதை எடுத்தேன். லேசான பச்சை. ஒரு சொட்டு நாக்குல வச்சேன். நாக்கை அப்படியே உள்ள இழுத்தது பாருங்க. என் வாயில தண்ணி ஊறிப்போச்சு.

ஒரு துருப்பிடிச்ச ஆணி குடுங்கன்னேன். சுவத்துல காலண்டர் மாட்டி வச்சிருந்ததைப் பிடுங்கிக் குடுத்தா. பாருங்கம்மா, பட்டைத் தண்ணியில ஆணியைப் போட்டா பச்சையா கருக்கும், கடுக்காய்த் தண்ணியில போட்டா நீலமா கருக்கும், பேனா மை மாதிரி. ரெண்டு ஜாடியிலயும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரத்துல நாலாவது ஜாடி மசியாட்டம் ஆயிடுச்சு. பாத்தீங்களா, இது எங்க மால், எங்க டேனரி சரக்கு, இந்த மெக்சிகோ தேசத்துல கடுக்காய் போடறவன் நான் ஒருத்தன்தான்னேன்.

அவ கை தட்டலை. ஜாடியையே பாத்துகினு இருந்தா. அப்பால, இது எங்க தெரு அடிபம்புத் தண்ணி மாயெஸ்த்ரோன்னா.

நான் இன்னா பண்ணுவேன்? காபி குடிச்சேன்.

கம்பெனித் தண்ணி அங்க எப்படி வந்துச்சுங்கறீங்களா? கம்பெனியில சுத்திகரிக்கற தொட்டி இருந்தது, அது நிரம்பினா ஓடைக்குத் திருப்பி விடறதுக்கு ஒரு வால்வு இருந்தது. வச்சது நான்தான், முதலாளி வைக்கச் சொன்னாரு, வச்சேன். திறந்தது நானில்ல. திறக்கறதுக்குத் தனி ஆளு. நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? கத்தி செஞ்சவன் மேல கேஸ் போடுவாங்களா?

அப்பால மூணு மாசத்துல தெருவே மாறிப்போச்சு. அவளும் பத்துப் பதினஞ்சு பொம்பளைங்களும், கையில ஜாடி, கம்பெனி கேட்டுக்கு முன்னால வரிசையா நின்னாளுங்க. கோஷம் கிடையாது. ஜாடியைத் தூக்கிப் பிடிச்சிகினு சும்மா நின்னாளுங்க. நான் வேலைக்குப் போகும்போது செஃபெரினா, காலை வணக்கம் மாயெஸ்த்ரோம்பா. எல்லார் எதிரிலயும்! எனக்கு எப்படி இருக்கும்? நான் பின் கேட்டு வழியா போக ஆரம்பிச்சேன்.

ஒரு நாள் காலையில அவ வாசக்கதவுல ஒரு மலர் வளையம் தொங்குது. செத்தவங்களுக்குப் போடறது. அவ பேரே எழுதியிருக்குது. அந்த ஊர்ல அதுக்கு அர்த்தம் இருக்குது டீச்சர், சும்மா பயம் காட்டறது இல்ல, சுடுவாங்க. எத்தனை பேரைச் சுட்டிருக்காங்க. அவ வளையத்தைக் கழட்டினா, மோந்து பாத்தா, பூ நல்ல பூதான், காசு குடுத்து வாங்கியிருக்கானுங்கன்னு சொல்லி உள்ள கொண்டுபோய் மாதாவுக்கு வச்சா. நான் அன்னிக்கே வேற ரூம் பாத்துகினு போயிட்டேன். அவ மேல கோவமில்ல. எனக்குக் குடும்பம் இருக்குதே.

இருங்க, முக்கியமானதே இப்பதான். முனிசிபாலிட்டி ஹால்ல விசாரணை வச்சாங்க. அதிகாரிங்க, பத்திரிகைக்காரங்க, வக்கீலுங்க. கம்பெனி பக்கத்துல என்னையும் கோட்டு மாட்டி உக்கார வச்சிருந்தாங்க. செஃபெரினா வந்தா. அதே ரெட்டைச் சடை. பையில இருந்து நாலு ஜாடியை எடுத்து மேசை மேல வச்சா. அப்பால சால்வை முனையில முடிஞ்சு வச்சிருந்ததை அவுத்தா.

ஆணி.

ஒவ்வொண்ணா போடறா. இது சுண்ணாம்புத் தொட்டிங்கறா. இது சாயம். இது பட்டை, பச்சையா கருக்கும் பாருங்க. நான் சொன்ன வார்த்தை டீச்சர், நான் கையை ஆட்டின மாதிரியே ஆட்டறா! நாலாவது ஜாடி நீலமா கருக்குது, ஹாலே எழுந்து நிக்குது. எனக்கே கடுக்காய் குடுத்துட்டா. அவளுக்கு இன்னா தெரியும்? கையெழுத்து போடத் தெரியாது, கட்டை விரல்தான். நான் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும்.

கம்பெனி வக்கீல் எழுந்து, இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டான். அவ, தோலைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னாரு, பேரு சொல்ல மாட்டேன், அவருக்குக் குடும்பம் இருக்குதுன்னா. மூணு தடவை கேட்டான். மூணு தடவையும் அதேதான். ஜெயில்ல போடுவேன்னான். போடுன்னா.

அப்ப மேனேஜர் என் தோளைத் தட்டினான். எழுந்து ஆணியெல்லாம் ஒரு பரிசோதனையே இல்லைன்னு சொல்லுன்னான். நான் எழுந்தேன். ஹால் முழுக்க என்னையே பாக்குது. அவளும் பாக்கறா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? நான் இந்தம்மாகிட்ட ஒண்ணுமே சொல்லலைன்னேன்.

இன்னா கேட்டீங்க? அவ என் பேரைச் சொல்லலையேங்கறீங்களா? ஆமா, சொல்லலைதான். என்னை யாரும் கேக்கவும் இல்லைதான். ஆனா பாத்தா பாருங்க ஒரு பார்வை, அது சொல்ற மாதிரிதானே? சுகந்திகிட்ட இதைச் சொன்னப்போ, நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லிட்டு அடுப்பாங்கரைக்குப் போயிட்டா. எட்டாவது படிச்சவ, பழமொழி சொல்ல வந்துட்டா.

மறுநாளு கம்பெனி என்மேலயே பழியைப் போட்டது. வெளிநாட்டு மாஸ்டர் வால்வு வச்சிட்டான், எங்களுக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டானுங்க. மூணு மாசம் மூடினானுங்க, வேற பேரு வச்சுத் திறந்துட்டானுங்க. ஆனா அந்த வால்வை மட்டும் சிமெண்டு போட்டு அடைச்சாச்சு. அடைக்கறப்போ அவதான் நின்னு பாத்துகினு இருந்தாளாம்.

நான் ஊருக்குக் கிளம்பற அன்னிக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா. ஒரு துணியில சோள ரொட்டி கட்டிகினு வந்தா, சூடா. ஒரு நாள் பேச்சுவாக்குல எங்க பாலாத்தைப் பத்திச் சொல்லியிருந்தேன், சின்ன வயசுல மணலைத் தோண்டினா ஊத்து வரும், அதைக் குடிச்சிகினு ஸ்கூலுக்குப் போவோம்னு. அதை ஞாபகம் வச்சிகினு கேக்கறா, மாயெஸ்த்ரோ, உங்க ஆத்துக்கு யாரு பேசுவாங்கன்னு. எரிச்சலா வந்துச்சு எனக்கு. என் வேலையைப் பிடுங்கிட்டு என் ஆத்தைப் பத்தி இன்னா பேச்சு? ரொட்டியை வாங்கிகினேன். வழியில சாப்பிட வேற ஒண்ணுமில்ல.

இதைப் பாருங்க. கூட வேலை செஞ்ச பையன் போன வருஷம் அனுப்பினான். ஓடைக்கரைச் சுவரு. மூணு மாடி உசரத்துக்கு அவ படம். அவளைத் தலைநகரத்துக்குக் கூப்பிட்டுப் பரிசு குடுத்தாங்களாம், டிவியில வந்தாளாம், காலேஜு பொண்ணுங்க அவகூட நின்னு போட்டோ எடுத்துக்கறாளுங்களாம். போராளியாம். நல்லா பாருங்க, கையில இன்னா வச்சிருக்கா?

அது என் ஆணி டீச்சர்.

நான் சொல்லிக் குடுத்தது. என் நாக்கு, என் மூக்கு, என் முப்பது வருஷம். படத்துல எங்க ஒரு மூலையில என் நிழலாவது இருக்குதா? பரிசு அவளுக்கு, பிளேன் டிக்கெட்டு எனக்கு. இப்ப நீங்க வந்து அதையே திரும்பப் பண்ணச் சொல்றீங்க. ஐம்பத்தேழு வயசுல, எங்க முதலாளி பெரிய மனசு பண்ணிக் குடுத்த வேலையை விட்டுட்டு, கலெக்டர் முன்னால நிக்கச் சொல்றீங்க. எங்க டேனரிக் கழிவுப் பைப்பு எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு உங்களுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. இருக்கட்டும். தெரிஞ்சவன் எல்லாம் பேசணும்னு சட்டமா?

கிளம்பறீங்களா? பாட்டிலு ஆறையும் எடுத்துக்கங்க. எதுலயும் சீட்டு ஒட்டலையே? எந்த வூட்டுத் தண்ணி எதுன்னு எப்படித் தெரியும்? கெமிஸ்ட்ரி டீச்சர் இப்படித்தான் பண்றதா? மூடியில நம்பர் போட்டு நோட்டுல எழுதியிருக்கீங்களா. நம்பர் எதுக்கு. இங்க குடுங்க.

இது உப்பு. பச்சைத் தோலைக் கழுவற இடம், ரயில்வே லைன் பக்கம். சரிதானே? பாத்துச் சொல்லுங்க. சொன்னேன்ல. இது ஒண்ணுமில்ல, போர் தண்ணி, சும்மா கல் உப்பு. இது சாயம். இது...

இருங்க. சுகந்தி! ஒரு துருப்பிடிச்ச ஆணி எடுத்துகினு வா. கொல்லைக் கதவுல ஒண்ணு ஆடிகினு இருக்கும் பாரு.

ஒரு சொட்டு நாக்குல வச்சாவே போதும், ஆணிகூட வேணாம், உங்களுக்குக் காட்டத்தான். இங்க குடு சுகந்தி. இப்படிப் போட்டு, கொஞ்ச நேரம் விட்டுட்டு, வெளிச்சத்துல காட்டணும். தெரியுதா? லேசாதான். ஆனா நீலம். பச்சை இல்ல, நீலம். மத்த டேனரி எல்லாம் கடுக்காயை விட்டு வருஷம் பதினஞ்சு ஆகுது. இது எங்க மால்தான். சர்ச்சுக்குப் பின்னால, கல்லறைச் சுவரை ஒட்டிப் பூமிக்குள்ள ஒரு பைப்பு போகுது, அதுல வர்றது. நான் கலந்தது, நான் புதைச்சது, எனக்குத் தெரியாதா? இந்தப் பாட்டிலு யாரு வூடு? நோட்டைப் பாருங்க.

நோட்டை ஏன் என் பக்கம் திருப்பறீங்க?

எங்க வூடா.

எங்க கிணறா.

அந்தப் பேனாவை மூடுங்க டீச்சர். மூடுங்கன்னு சொல்றேன். நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலை. சுகந்தி, டீச்சருக்குக் கேன் தண்ணி ஒரு டம்ளர் கொண்டா, கிளம்பறாங்க. ஏன் அங்கயே நிக்கற? கையை ஏன் அவங்ககிட்ட நீட்டற? அது ஒண்ணுமில்ல டீச்சர், அவளுக்குச் சோப்பு ஒத்துக்கறதில்ல, மாத்தச் சொல்லியிருக்கேன், நாலு சோப்பு மாத்தியாச்சு.

இன்னாது? நீ கையெழுத்து போடறியா? பதினேழாம் தேதி நீ போறியா? உனக்கு இன்னாடி தெரியும்? கல்லறைச் சுவரு தெரியும், ஆணி தெரியும், அதனால?

பேனாவை அவகிட்ட குடுக்காதீங்க டீச்சர். சொன்னா கேளுங்க. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் சொன்னதுதான் அவளுக்குத் தெரியும்.